தொண்ணூற்றொன்பது

பதில் இல்லாத இடத்தில் 99 இடுக.
கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தாலும்
99 இடுக.
கையேட்டின் நான்காம் பக்கம்.

ஹட்டனில் மழை.
தொழில்நுட்பக் கல்லூரியின் களஞ்சிய அறையில்
நானும் ஷிஹாராவும்
இருநூற்றுப் பதினாறு வினாத்தாள்களும்.
இருந்த ஒரே ஹீட்டரைப்
பரீட்சைப் பிரிவு இரவல் வாங்கிப் போயிருந்தது.

வினா ஏழு:
கடந்த இரு வாரங்களில் மனநிறைவோடு இருந்தீர்களா?
ஒருபோதும் இல்லையென்றால் ஒன்று,
எப்போதும் என்றால் ஐந்து.
பெரும்பாலோர் மூன்றில் நின்றார்கள்.
மூன்று நல்ல இடம்.
யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள்.

ஒருவன் மட்டும் ஓரத்தில் கேட்டிருந்தான்:
எந்த இரு வாரம்?
வீட்டில் சம்பளம் வந்ததா, முடிந்ததா?

ஷிஹாரா சிரித்தாள்.
அடுத்த தாளை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரமானது.

போன வருட அறிக்கையை எழுதியது நான்தான்.
இடைவிலகலுக்கு முதன்மைக் காரணம் ஆர்வமின்மை,
பரிந்துரை ஓர் ஊக்க உரை.
கொழும்பிலிருந்து ஒருவர் வந்து
மண்டபத்தைவிட நீளமான பதாகையின் கீழ்
கனவு காணச் சொன்னார்.
பாதிக் கனவில்
பின்வரிசை எழுந்து போனது.
பாருங்கள், இதைத்தான் சொன்னேன் என்றேன்
பக்கத்தில் இருந்தவரிடம்.

இந்த வருடம்
வரவுப் பதிவேட்டையும்
பஸ் நிலையத்து நேர அட்டவணையையும்
ஷிஹாராதான் அருகருகே வைத்தாள்.
செய்முறை வகுப்பு முடிவது ஐந்தே கால்.
போகவந்தலாவைக்குக் கடைசி பஸ் நாலு ஐம்பது.
வரவு எண்பது வீதத்துக்குக் குறைந்தால்
பரீட்சை எழுத முடியாது.
விலகியவர்கள் முப்பத்தெட்டுப் பேர்,
அதில் முப்பத்தொரு பேர் அந்த ஒரே பாதை.

ஆர்வமின்மைக்கு
ஒரு தரிப்பிடம் இருந்திருக்கிறது.
நோர்வூட் தாண்டி இறங்கி,
டோர்ச் அடித்துக்கொண்டு
மேலே நாலு கிலோமீட்டர்.

கூட்டத்தில் பணிப்பாளர் விமலசூரிய கேட்டார்,
இது தற்செயலாக இருக்க முடியாதா?
ஓர் எண்ணைச் சொன்னேன்,
தசத்துக்குப் பின் மூன்று பூச்சியம் உள்ள எண்.
டோர்ச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை.
எண்ணே போதுமாயிருந்தது,
அதுதான் இரவெல்லாம் உறுத்தியது.

குளிரூட்டல் பிரிவு ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை.
காலையில் அவர் மகளை நேர்சரியில் விட வேண்டும்.
அதுவும் நியாயம்தான்.
செவ்வாய், வியாழன் மட்டும்
செய்முறை காலைக்கு மாறியது.

ஆறு மாதம் கழித்து மறுபடி வினாத்தாள்.
உறக்கம் முப்பத்தைந்து நிமிடம் கூடியிருந்தது.
வினா ஏழின் சராசரி
இரண்டு தசம் ஒன்பதிலிருந்து
மூன்று தசம் இரண்டு.
இதுக்கா இவ்வளவு பாடு என்றாள் ஷிஹாரா.
சொல்லிவிட்டு
இரண்டு பிளேன்டிக்குச் சொல்லி அனுப்பினாள்.

தொடர் இலக்கம் 143.
போன வருடம் இருந்தவள்,
இந்த வருடம் வரிசை முழுக்க 99.
பதிவேட்டில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன்.
கிருபாஷினிதான் எடுத்தாள்.
கட்டுநாயக்கா, பகல் சாப்பாட்டு நேரம்,
பின்னால் தட்டுகளின் சத்தம்.

வகுப்பு நேரத்தை மாற்றியதைச் சொன்னேன்.
திரும்ப வருவதானால் விண்ணப்பம் திறந்திருக்கிறது,
அதையும் சொன்னேன்.

யோசிக்கிறேன் மிஸ் என்றாள்.
பிறகு, கோபமே இல்லாமல்,
போன வருசமே எழுதிக் குடுத்தேனே.

பழைய கட்டை அவிழ்த்தேன்.
நூல் நனைந்து இறுகியிருந்தது.
வினா பதினொன்று:
உங்கள் கற்றலுக்குத் தடையாக இருப்பது எது?
ஆறு கட்டங்கள் கொடுத்திருந்தோம்.
ஆறையும் விட்டுவிட்டு
நீலப் பேனாவில், சின்ன எழுத்தில்,
4.50 பஸ்.

அதன் மேல் சிவப்பில்
என் கையெழுத்து.
வட்டம் கூடப் போட்டிருந்தேன்.